வகுப்பில் கேள்வி கேட்பது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பவையும் பதில்களும்

ஓய்வறைப் பேச்சிலும் பயிற்சி வகுப்புகளிலும் சக ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தப் பாடம் எடுப்பவருக்கும் பயன்படும். உதாரணங்கள் மட்டும் கணக்கு, அறிவியல் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நான் அதிகம் எடுத்த பாடங்கள் அவை.

தினமும் ஏராளமாகக் கேள்வி கேட்கிறேன். ஆனாலும் பிள்ளைகள் யோசிக்கிற மாதிரித் தெரியவில்லையே?

எத்தனை கேள்வி கேட்கிறோம் என்பதற்கும் எவ்வளவு யோசிக்கிறார்கள் என்பதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. 1912-இல் ரோமியட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் கேட்கப்படும் கேள்விகளை எண்ணிப் பார்த்தார். ஓர் ஆசிரியர் நாளொன்றுக்குச் சராசரியாக 395 கேள்விகள் கேட்டார். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னால் போதும் என்ற வகை. 1970-இல் மெரிடித் கால் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் படம் அதேதான்: சுமார் 60 விழுக்காடு நினைவைக் கேட்பவை, சுமார் 20 விழுக்காடுதான் யோசிக்க வைப்பவை, மீதி வகுப்பை நடத்துவதற்கானவை.

இதற்கு நம் இலக்கணத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. வினா ஆறு வகை என்று படித்திருக்கிறோம். தனக்கு விடை தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. அறிவினாவுக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணமே ஆசிரியர் மாணவரிடம் கேட்பதுதான்! பிள்ளைகளுக்கும் இது நன்றாகத் தெரியும். விடை சாரிடம் இருக்கிறது, அது என்னவென்று கண்டுபிடித்தால் போதும் என்று முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

மேகம் எப்படி உருவாகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனதில் அது எப்படிப் பதிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டால், அதே கேள்வி அறியா வினாவாகிவிடும். கேட்கும் தொனி மாறும், காத்திருக்கும் நேரம் மாறும், பதில் வந்த பிறகு நாம் சொல்வதும் மாறும். இனி வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு மாற்றத்தைப் பற்றியவைதான்.

அப்படியானால் நினைவுக் கேள்விகளே கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேளுங்கள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பின்னத்தைப் பற்றி ஆழமாக யோசிக்க முடியாது. போன வாரம் படித்ததை இன்று நினைவிலிருந்து எடுக்கச் சொல்வது, அது மறக்காமலிருக்க மிக நல்ல வழியும்கூட. அங்கேயே நின்றுவிடுவதுதான் சிக்கல்.

பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டைப் பயிற்சிக் காலத்தில் எல்லாரும் படித்திருப்போம். 2001-இல் அதைத் திருத்தி நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல் என்று அடுக்கினார்கள். அதை ஏணியாக நினைத்து, கீழ்ப்படி முழுக்க முடிந்த பிறகுதான் மேற்படி என்று வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் வகுப்புக் குழந்தையிடமும் ‘இந்த இரண்டில் எது பொருத்தம், ஏன்?’ என்று கேட்கலாம். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு நினைவுக் கேள்வி மட்டும், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் சிந்தனைக் கேள்வி என்று பிரிப்பதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

‘ஏன்’ என்று தொடங்கினால் அது சிந்தனைக் கேள்விதானே?

எப்போதும் இல்லை. ‘இலை ஏன் பச்சையாக இருக்கிறது?’ என்றால் ‘பச்சையம் இருப்பதால்’ என்று பதில் வந்துவிடும். அது பாடப்புத்தக வரி. யோசிக்க ஒன்றுமில்லை.

இதைக் கேட்டுப் பாருங்கள்: ‘உள்ளங்கையில் அடங்கும் விதை, சில வருடங்களில் ஆள் தூக்க முடியாத மரமாகிறது. அந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது?’

ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் படித்து முடித்த பிள்ளைகளே பெரும்பாலும் ‘மண்ணிலிருந்து’ என்பார்கள். அப்போது அடுத்ததைக் கேட்கலாம்: ‘அப்படியென்றால் மரத்தைச் சுற்றிப் பள்ளம் விழ வேண்டுமே, விழுகிறதா?’ வகுப்பு அப்படியே நிமிரும். வான் ஹெல்மான்ட் என்ற அறிவியலாளர் செய்த சோதனையை இந்த இடத்தில் சொல்லலாம். சுமார் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம்கூட இல்லை. எடை முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். 1648-இல் அச்சேறிய முடிவு அது. இப்போது பிள்ளைகளிடம், ‘அவர் எதைக் கவனிக்காமல் விட்டார்?’ என்று கேளுங்கள். காற்று என்று யாராவது ஒருவர் சொல்வதற்குச் சில நிமிடங்கள் ஆகும். கண்ணுக்கே தெரியாத வாயுவிலிருந்து கட்டை உருவாகிறது என்பதை நம்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நிமிடங்களுக்காகத்தான் நாம் வகுப்புக்குப் போகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

சிந்தனைக் கேள்வியை அதன் முதல் சொல்லை வைத்து அடையாளம் காண முடியாது. பதில் சொல்லும் பிள்ளை, படித்த இரண்டு விஷயங்களையாவது தானே முடிச்சுப் போட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படிப்பட்ட கேள்விகளை எங்கே தேடுவது?

புதிதாகத் தேட வேண்டியதில்லை. கையிலிருக்கும் சாதாரணக் கேள்வியைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விடையைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ‘6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் உள்ள செவ்வகத்தின் பரப்பளவு என்ன?’ என்பது ஒரு பெருக்கலோடு முடிந்துவிடும். ‘பரப்பளவு 24 வரும் செவ்வகங்கள் எத்தனை வரைய முடியும்? எதன் சுற்றளவு குறைவு?’ என்றால் 1×24-க்குச் சுற்றளவு 50, 2×12-க்கு 28, 3×8-க்கு 22, 4×6-க்கு 20 என்று அவர்களே வரிசைப்படுத்துவார்கள். சதுரத்தை நெருங்க நெருங்கச் சுற்றளவு குறைகிறது என்று ஒரு பிள்ளை சொல்லும். பக்கம் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்று இன்னொரு பிள்ளை கேட்கும். நீங்கள் எதையும் சொல்லித்தந்திருக்க மாட்டீர்கள்.

ஒரு கூற்றை எழுதிப்போட்டு, ‘எப்போதும் உண்மையா, சில சமயம் மட்டுமா, ஒருபோதும் இல்லையா?’ என்று கேட்பது இன்னொரு வழி. ‘இரண்டு எண்களைப் பெருக்கினால் விடை அந்த இரண்டையும்விடப் பெரிதாக இருக்கும்’ என்பதை எழுதிப் போடுங்கள். ஒன்று, பூச்சியம், பின்னம், குறை எண் என்று வகுப்பே தேடத் தொடங்கிவிடும்.

மொழி வகுப்பில் கதை நடத்துகிறீர்களா? ‘அண்ணன் ஏன் பொய் சொன்னான்?’ என்பதோடு, ‘அதைக் கதையின் எந்த வரி உனக்குச் சொன்னது?’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரலாற்றில் ஒரே நிகழ்வைப் பற்றி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு குறிப்புகளைக் கொடுத்து, எதை அதிகம் நம்பலாம், எதனால் என்று கேளுங்கள்.

நல்ல கேள்விதான் கேட்கிறேன், ஆனால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது. என்ன செய்ய?

காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. மேரி பட் ரோவ் என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970-களில் எழுதினார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திரும்பச் சொன்னார்கள், வேறொருவரைக் கூப்பிட்டார்கள், இல்லையென்றால் தாங்களே பதிலைச் சொன்னார்கள். மூன்று வினாடிக்கு மேல் காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, காரணத்தோடு பேசுவது கூடியது, பிள்ளைகள் ஒருவர் சொன்னதை ஒருவர் பிடித்துப் பேசத் தொடங்கினார்கள். வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

அவர் சொன்ன இரண்டாவது காத்திருப்பை நாம் மறந்துவிடுகிறோம். பிள்ளை பதில் சொல்லி நிறுத்திய பிறகும் மூன்று வினாடி சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்போதுதான் ‘இல்ல சார், அது வந்து...’ என்று உண்மையான யோசனை வெளியே வரும்.

ரோவின் பதிவுகளில் என்னை உறுத்திய ஒன்று உண்டு. நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர்கள் கருதிய பிள்ளைகளுக்கு அதிக நேரமும், பின்தங்கியவர்கள் என்று கருதியவர்களுக்குக் குறைந்த நேரமும் கிடைத்தன. யாருக்கு அவகாசம் அதிகம் தேவையோ அவர்களைத்தான் நாம் அவசரப்படுத்துகிறோம்.

தொடக்கத்தில் மூன்று வினாடி மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள், மூச்சை ஒரு முறை இழுத்து விடுங்கள். ‘இது யோசிக்க வேண்டிய கேள்வி, கையை யாரும் தூக்க வேண்டாம், அரை நிமிடம் நோட்டில் எழுதுங்கள்’ என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் மௌனம் உங்களுக்கும் உறுத்தாது. ஏழையும் எட்டையும் பெருக்கினால் என்ன என்பது போன்ற வாய்ப்பாட்டுக் கேள்வியைக் கேட்டுவிட்டு மட்டும் காத்திருக்க வேண்டாம்.

எப்போதும் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

கை தூக்குகிறவரிடம் மட்டும் கேட்டால், மற்றவர்களுக்கு யோசிக்காமலிருக்க அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். கேள்வியை முதலில் எல்லாருக்கும் வையுங்கள், நிறுத்துங்கள், அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற பிள்ளைகளுக்கு அந்த நொடியோடு வேலை முடிந்தது.

திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது பயந்த பிள்ளைகளை வாட்டும் என்பதும் உண்மை. அதற்குத்தான் 1981-இல் ஃபிராங்க் லைமன் என்ற கல்வியாளர் முன்வைத்த ‘யோசி, இணை, பகிர்’ முறை. முதலில் தனியாக யோசிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த பதிலை எல்லார் முன்னாலும் சொல்வதற்குத் தைரியம் வரும். நான் இன்னொன்றும் செய்வேன். ‘உன் பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார்?’ என்று கேட்பேன். அப்போது காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். முதல் படியான தனி யோசனையை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுவதோடு முடிந்துவிடும்.

‘தெரியாது சார்’ என்று உட்கார்ந்துவிட்டால்?

‘சரிப்பா, இன்னும் ரெண்டு பேர் சொல்வதைக் கேள், திரும்ப உன்னிடம் வருகிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பவும் போங்கள். ‘அவர்கள் சொன்னதில் உனக்கு எது சரியாகப் படுகிறது?’ என்று கேட்டால் போதும்.

சரியான பதில் வந்துவிட்டது. அடுத்து என்ன?

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்வார். வகுப்புப் பேச்சின் இந்த மூன்று படிச் சுழற்சியை 1979-இல் ஹியூ மெஹன் என்ற ஆய்வாளர் விவரித்தார். முதல் படியான கேள்வியை மெருகேற்ற நாம் படாத பாடு படுகிறோம். மூன்றாவது படியில் ‘வெரிகுட், உட்கார்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

ஓர் உதாரணம். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது? 35, நான்கைவிடப் பெரியது என்பதால் 0.35 என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். இந்தத் தவறு எல்லாருக்கும் தெரிந்தது, திருத்திவிடுவோம். இன்னொரு பிள்ளை ‘0.4’ என்று சொல்கிறது. சரியான விடை. ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்: ‘புள்ளிக்கு அப்புறம் ஒரே இலக்கம்தானே சார். நூறில் ஒரு பங்கைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரியது, அதனால் இலக்கம் குறைவாக இருந்தால் பெரிய எண்.’ இந்தப் பிள்ளை 0.65-ஐயும் 0.4-ஐயும் ஒப்பிட்டால் 0.4 பெரியது என்று சொல்லும். சரியான விடைக்குள் தவறான விதி ஒளிந்திருக்கிறது. தசம எண்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்த இரண்டு தவறான விதிகளும் நன்கு பதிவானவை. ‘வெரிகுட்’ சொல்லியிருந்தால் பரீட்சைத் தாளில்தான் இதைப் பார்த்திருப்போம்.

அதனால் விடை சரியானாலும் தவறானாலும் ஒரே முகத்தோடு, ஒரே குரலில் கேளுங்கள்: ‘எப்படித் தெரிந்தது?’ தவறான பதிலுக்கு மட்டும் ‘எப்படி’ கேட்டால், அந்தச் சொல்லைக் கேட்டதுமே பிள்ளைகள் பதிலை மாற்றிவிடுவார்கள். ‘நீ சொல்வது இதுதானே?’ என்று அவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது, ‘இவள் சொன்னதை வேறு மாதிரிச் சொல்ல முடியுமா?’ என்று இன்னொருவரிடம் போவது, ‘இதை ஏற்காதவர்கள் யார்?’ என்று கேட்பது, மூன்றுமே நன்றாக வேலை செய்யும்.

தவறான பதிலைக் காயப்படுத்தாமல் எப்படிக் கையாள்வது?

தவறை மூடி மறைக்க வேண்டாம், உடனே தவறு என்று சொல்லவும் வேண்டாம். ‘சரி, உன் வழியிலேயே போய்ப் பார்ப்போம்’ என்று சொல்லி, அந்த விதி எங்கே உடைகிறதோ அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே சொன்ன பிள்ளையிடம் 0.4-ஐ 0.40 என்று எழுதச் சொல்லி, ‘இப்போது 0.65-ஐவிடப் பெரியதா?’ என்று கேட்டால், தன் விதியைத் தானே திருத்திக்கொள்ளும். யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு முறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை அந்த வருடம் முழுக்க வாய் திறக்காமல் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், வடிவம்தான் வேறு. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியரான எரிக் மசூர் 1991 முதல் பெரிய விரிவுரை வகுப்புகளில் ஒரு முறையைக் கையாண்டார். நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. எல்லாரும் தனித்தனியே யோசித்து வாக்களிப்பார்கள். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு பேர் சரியாகச் சொல்லியிருந்தால், வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடி வாதாட வேண்டும். பிறகு மறுபடி வாக்கு, கடைசியில் விளக்கம். மிகப் பலர் தவறாகச் சொன்னால் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். பெரும்பாலானோர் சரியாகச் சொன்னால் மேலே போகலாம்.

விரல்களைக் காட்டச் சொன்னாலே வாக்கெடுப்பு நடத்திவிடலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றாமலிருக்க எல்லாரும் ஒரே நேரத்தில், நெஞ்சுக்கு முன்னால் காட்ட வேண்டும். உழைப்பெல்லாம் தவறான விடைகளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ‘நேர் மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் மேல் செயல்படும் விசை எது?’ என்று கேட்டு, ‘எதுவும் இல்லை’, ‘மேல்நோக்கி’, ‘கீழ்நோக்கி’, ‘மேலும் கீழும் சமமாக’ என்று நான்கு விடைகள் கொடுங்கள். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் ஈர்ப்புவிசை மட்டும்தான், கீழ்நோக்கி. ‘எதுவும் இல்லை’ என்பவர் வேகம் பூச்சியமானால் விசையும் பூச்சியம் என்று நினைக்கிறார். ‘மேல்நோக்கி’ என்பவர் எறிந்த கையின் விசை இன்னும் பந்தோடு இருக்கிறது என்று நினைக்கிறார். ஒவ்வொரு விரலும் ஒரு எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லையே?

நேரம் எடுக்கும், அதை மறைக்க முடியாது. அதனால் ஒரு பாடவேளைக்கு ஒன்றிரண்டு ஆழமான கேள்விகள் போதும். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினால் அதற்கு மேல் எதுவும் ஏறாதோ, அந்த இடத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முந்தின நாளே பாடக்குறிப்பில் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவிடுங்கள். நல்ல கேள்வி நின்ற இடத்தில் வாயில் வருவது அபூர்வம்.

பிள்ளைகளே கேள்வி கேட்பதில்லை. ‘சந்தேகம் இருக்கா?’ என்றால் ‘இல்லை சார்’ என்கிறார்கள்.

மணி அடிக்கும் நேரத்தில் அப்படிக் கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்வேன். ‘எந்த வரி இன்னும் இடறுகிறது? ஒன்றாவது எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். எழுதியதில் பெயர் வேண்டாம்.

புதுப் பாடம் தொடங்கும்போது ஒரு படத்தையோ ஒற்றை வாக்கியத்தையோ கொடுத்து, ஐந்து நிமிடம் கேள்விகளை மட்டும் எழுதச் சொல்லலாம். யாரும் பதில் சொல்லக் கூடாது, எந்தக் கேள்வியையும் அசட்டுக் கேள்வி என்று ஒதுக்கக் கூடாது. அப்புறம் ஒரு சொல்லில் முடியும் கேள்விகளையும் விரிவான பதில் வேண்டும் கேள்விகளையும் பிரித்து, ஒன்றை மற்றதாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மிக முக்கியமான மூன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பாடம் அந்த மூன்றிலிருந்து தொடங்கட்டும்.

தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடாதா?

ஆகிவிடும். சில சமயம் கேள்வியையே விட்டுவிட வேண்டும். ‘எனக்கு இந்த இடம் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ‘அவன் சொன்னதும் நீ சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண்படுகிற மாதிரி இருக்கிறதே’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கேள்விக்குறி இல்லாமலே பேச்சு தொடரும்.

சரி, நாளைக்கு எங்கிருந்து தொடங்க?

ஒரு பாடவேளையை உங்களுக்காக மட்டும் கைபேசியில் பதிவு செய்து, தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கேள்விக்குப் பிறகு எத்தனை வினாடி காத்திருந்தீர்கள், ‘எப்படித் தெரிந்தது?’ என்று எத்தனை முறை கேட்டீர்கள், பதிலே தெரியாமல் உண்மையிலேயே ஆர்வத்தோடு கேட்டது எந்தக் கேள்வி என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் இப்படிக் கேட்டபோது, ஒரு பிள்ளை பேச வாயெடுத்த இரண்டு இடங்களில் என் குரல் குறுக்கே வந்திருந்தது. மறுநாள் வகுப்பில் முதலில் அந்தப் பிள்ளையிடம்தான் போனேன், ‘நேற்று என்னமோ சொல்ல வந்தாயே, என்னம்மா அது?’ என்று.